பின் சக்: மரக்கடைசல் லேத்துக்கு வாங்குவது, செய்வது, பொருத்துவது – முழுமையான வழிகாட்டி

பட்டையோடு கிடக்கும் பூவரசங்கட்டையிலோ வாகைக் கட்டையிலோ கிண்ணம் கடைய ஆசைப்படுபவர் முதலில் முட்டி நிற்கும் இடம், அந்தக் கட்டையை லேத்தில் எப்படிப் பிடிப்பது என்பதுதான். ஃபேஸ்பிளேட் (லேத்தில் மாட்டும் வட்டத் தகடு) வைத்து ஸ்க்ரூ போடலாம் என்றால் உட்கார சமமான முகம் கிடையாது. நாலு தாடைச் சக்கில் பிடிக்கலாம் என்றால், சக்கின் தாடைகள் கவ்வுவதற்குக் கட்டையில் ஒரு முளை, அதாவது துருத்தி நிற்கும் குட்டையான உருண்டைப் பகுதி, வேண்டும். அந்த முளையைக் கடைய முதலில் கட்டையைப் பிடித்தாக வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு மிக எளிய பதில் பின் சக். கட்டையில் ஒரே ஒரு துளை போட்டால் போதும். சாவி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, நகரும் பாகம் என்று பார்த்தால் ஒரு சின்னக் கம்பித் துண்டு மட்டும்தான். ஆனால் இந்த எளிமையைப் பார்த்து அளவில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. பின் சக் பிடிப்பதும் பிடிக்காமல் வழுக்குவதும் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குகளில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அளவுகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எப்படி வேலை செய்கிறது

உருண்டையான ஒரு தண்டு. அதன் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் சீவிய ஒரு தட்டை முகம். அந்தத் தட்டையின் நடுவில் சும்மா கிடக்கும் ஒரு கம்பி. தண்டின் அடியில் கட்டை சாய்ந்து உட்கார ஒரு காலர், அதாவது தண்டைவிட அகலமான வட்டத் தோள். இவ்வளவுதான் பின் சக்.

கம்பி தட்டையின் நடுவில் இருக்கும்போது, தண்டின் வட்டத்துக்கு உள்ளேயே அடங்கிவிடும். அதனால் கட்டையில் போட்ட துளை தண்டின் மேல் தாராளமாக நழுவி ஏறும். இப்போது லேத் சுற்ற ஆரம்பித்தால், தண்டு முன்னே போகும், கனமான கட்டை கொஞ்சம் பின்தங்கும். அந்தச் சின்ன வித்தியாசத்தில் கம்பி தட்டையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருளும். ஓரத்துக்குப் போகப் போகத் தட்டைக்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள இடம் குறுகிக்கொண்டே வரும். ஒரு புள்ளியில் கம்பி இரண்டுக்கும் நடுவே ஆப்பாக இறுகிவிடும். உளியின் அழுத்தம் கூடக் கூட இறுக்கமும் கூடும். மோட்டார் சைக்கிளின் செல்ஃப் ஸ்டார்ட்டரில் இருக்கும் ஒருவழிக் கிளட்சில் சின்ன உருளைகள் இறுகுவதும் இதே தத்துவம்தான். ஒரு வித்தியாசம்: அங்கே சரிவு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், பின் சக்கில் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் சுற்றினாலும் இது பிடிக்கும். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் அந்த நொடியில் பிடி இருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

அளவுக் கணக்கு

பின் சக்கில் அளவுகள் மூன்று: துளையின் விட்டம், தட்டையின் ஆழம், கம்பியின் விட்டம். இவற்றில் நம் கையில் இல்லாதது துளை. அது டிரில் பிட் சொல்வதுதான். மற்ற இரண்டையும் அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். ஆகவே பிட்டை வாங்கி, காய்ந்த கெட்டி மரத்தில் ஒரு துளை போட்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்த பிறகே சக்கைப் பற்றி யோசியுங்கள். சக்கை முதலில் செய்துவிட்டுப் பிட் தேடுவது தலைகீழ் வேலை.

நம் ஊரில் இது கூடுதலாக முக்கியம். தட்டையான அடியோடு பெரிய துளை போடும் ஃபார்ஸ்ட்னர் பிட் 25 மி.மீ. என்றும் கிடைக்கிறது, 1 அங்குலம் என்றும் கிடைக்கிறது. கடையில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். 1 அங்குலம் என்பது 25.4 மி.மீ. இந்த 0.4 மி.மீ. என்ன செய்யும் என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

25 மி.மீ. தண்டு, 3 மி.மீ. கம்பி, தட்டையின் ஆழம் 3.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கம்பி இறுகும் இடத்தில் தட்டைக்கும் துளைச் சுவருக்கும் இடையே ஒரு ஆப்புக் கோணம் உண்டாகும். கோணம் சிறியதாக இருந்தால் கம்பி இறுகும், பெரியதாக இருந்தால் பிதுங்கி வழுக்கும். உலர்ந்த இரும்புக்கு உராய்வு எண் 0.15 என்று எடுத்துக்கொண்டால் எல்லை சுமார் 17 டிகிரி. கம்பி இறுகும்போது கட்டை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, இருக்கும் இடைவெளி முழுவதும் கம்பி இருக்கும் பக்கத்துக்கே வந்துவிடும். அதையும் சேர்த்துப் போட்டால் கிடைக்கும் கணக்கு இது:

துளை 25.1 மி.மீ. என்றால் கோணம் சுமார் 11 டிகிரி, நன்றாகப் பிடிக்கும்.
துளை 25.2 மி.மீ. என்றால் 13 டிகிரி, அதுவும் சரி.
துளை 25.4 மி.மீ. என்றால் 17 டிகிரி, எல்லைக் கோட்டில் நிற்கிறது.
துளை 26 மி.மீ. என்றால் 25 டிகிரிக்குப் பக்கம். இதை நம்பி உளி வைக்கக் கூடாது.

மரச் சுவர் கொஞ்சம் அமுங்கிக் கம்பியை உள்வாங்குவதால் நடைமுறையில் சற்றுக் கூடுதல் பிடி கிடைக்கும். ஆனால் அதைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்க வேண்டாம். சுருக்கமாக, தண்டு துளையைவிட 0.1 மி.மீ. சிறியதாக இருந்தால் நல்லது, 0.2 வரை போகலாம்.

தட்டையின் ஆழமும் இதே அளவுக்குப் பிடியைத் தீர்மானிக்கிறது. 3.1 மி.மீ. இருக்க வேண்டிய ஆழம் 3.5 ஆகிவிட்டால், துளை சரியாக 25.1 இருந்தாலும் கோணம் 19 டிகிரிக்கு ஏறிவிடும். பலர் “பின் சக் பிடிக்கவே மாட்டேன் என்கிறது” என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கம்பி தாராளமாக அடங்கட்டும் என்று தட்டையை ஆழமாகச் சீவிவிடுவது. தட்டை என்பது கம்பி ஒளிந்துகொள்ளும் பள்ளம் அல்ல. கம்பி நடுவில் இருக்கும்போது தண்டின் வட்டத்தைத் தொடும் தொடாத அளவில் நிற்க வேண்டும்.

நல்ல வேளையாக, ஆழம் கூடிப்போனாலும் சக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கம்பியை மாற்றினால் போதும். 3.5 மி.மீ. ஆழத்துக்கு 3.4 மி.மீ. கம்பி போட்டால் கோணம் மறுபடி 11 டிகிரிக்கு வந்துவிடும். டிரில் பிட்டுகள் 0.1 மி.மீ. படிகளில் கிடைக்கின்றன. உடைந்த பிட்டின் நேரான தண்டுப் பகுதி இதற்கு அருமையான கம்பி.

தட்டையின் ஆழத்தை நேரடியாக அளப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக, வெர்னியரின் ஒரு தாடையைத் தட்டையிலும் மறு தாடையைத் தண்டின் எதிர்ப்பக்க முதுகிலும் வைத்து அளங்கள். 25 மி.மீ. தண்டில் 3.1 மி.மீ. ஆழம் என்றால் வெர்னியர் 21.9 காட்ட வேண்டும். பட்டறையில் வேலை கொடுக்கும்போதும் இந்த அளவையே சொல்லுங்கள், குழப்பம் வராது. இந்த ஆழத்தில் தட்டையின் அகலம் சுமார் 16.5 மி.மீ. வரும். அதுவும் ஒரு சரிபார்ப்பு.

மற்ற அளவுகளுக்கு: 20 மி.மீ. தண்டுக்கு 2.5 மி.மீ. கம்பி, தட்டையிலிருந்து முதுகுக்கு 17.4 மி.மீ. 12 மி.மீ. தண்டுக்கு 2 மி.மீ. கம்பி, முதுகுக்கு 9.95 மி.மீ. சைக்கிள் ஸ்போக் பொதுவாக 2 மி.மீ. இருப்பதால் கடைசி அளவுக்கு அதை வெட்டிக்கொள்ளலாம்.

கடையில் வாங்குவதானால்

தனியாகப் பின் சக் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் வேறு ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்களும் நகை வேலை செய்பவர்களும் நுண்ணிய பிட்டைப் பிடிக்கப் பயன்படுத்தும் கைப்பிடிச் சக் அது. இணையத்தில் தேடினாலும் முதலில் அதுதான் வரும். படத்தில் காலரும் தட்டை முகமும் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, பின் தாடை. இது நாலு தாடைச் சக்கில் மாட்டும் நீளமான ஒல்லித் தாடைகள். நோவா நிறுவனம் 25 மி.மீ. அளவில் இதை விற்கிறது. துளைக்குள் நுழைத்துச் சாவியைத் திருகினால் விரிந்து பிடிக்கும். இதுவும் நல்ல பொருள்தான், கையில் நல்ல சக் ஏற்கெனவே இருந்தால் இதைத் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் விரியும் தாடைகள் நாலு இடத்தில் மட்டுமே அழுத்துவதால், இழை வாக்கில் பிளக்கக்கூடிய மரத்தில் அதிகம் இறுக்கக் கூடாது. அசல் பின் சக் வேலையின் அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் இறுகும்.

வாங்குவதற்கு முன் உங்கள் லேத்தின் ஸ்பிண்டில் (சக் ஏறிச் சுழலும் அச்சு) மரை என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சின்ன லேத்துகளில் 1 அங்குலம் × 8 (1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை) அதிகம். பெரியவற்றில் எம்33 × 3.5 (33 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 3.5 மி.மீ.), 1¼ அங்குலம் × 8 எல்லாம் உண்டு. மரை பொருந்தாத சக்கை அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் அடாப்டர் சேரச் சேரக் கட்டை ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டிலைத் தாங்கும் இடது பக்கத் தலை) விட்டுத் தள்ளிப்போகும், ஆட்டமும் கூடும். பின் சக்குக்காக அடாப்டர் வாங்குவதைவிடச் செய்துகொள்வதே மேல் என்பது என் கருத்து.

லேத் பட்டறையில் செய்யக் கொடுப்பது

நமக்கு இருக்கும் பெரிய வசதி, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் போனாலும், சென்னையில் அம்பத்தூர், கிண்டி போனாலும் இந்த வேலை அவர்களுக்கு ரொம்பச் சாதாரணம். பிரச்சினை, அளவுகளை நாம் சரியாகச் சொல்லாததில்தான் வரும். “ஒரு ராடு, ஒரு பக்கம் கொஞ்சம் சீவிக் கொடுங்க” என்று சொன்னால், சீவித் தருவார்கள், அது நமக்கு உதவாது. ஒரு தாளில் படம் வரைந்து, எந்த அளவு கறாராக வர வேண்டும், எது முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று குறித்துக் கொடுங்கள்.

மூலப்பொருள் எம்.எஸ். (சாதாரண மைல்ட் ஸ்டீல்) ராடே போதும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் அதைவிடக் கெட்டியான ஈ.என்.8 எஃகு. ஹார்டனிங் தேவையில்லை. 55 மி.மீ. விட்டத்தில், சுமார் 80 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு. முடிந்ததும் அதன் வடிவம்: பின்புறம் ஸ்பிண்டிலில் ஏறும் உள்மரை, நடுவில் 50 மி.மீ. காலர், முன்னால் 25 மி.மீ. விட்டமும் 35 மி.மீ. நீளமும் கொண்ட தண்டு. தண்டும் காலரும் சேரும் மூலையில் 1 மி.மீ. ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லுங்கள். அது இல்லையென்றால் மூலையில் எஞ்சும் வளைவு கட்டையைக் காலரில் முழுதாக உட்கார விடாது.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பின்புறத்து உள்மரையையும் அது ஸ்பிண்டில் தோளில் உட்காரும் முகத்தையும் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். அப்புறம், பட்டறை லேத்தின் சக்கில் ஒரு துண்டு ராடைப் பிடித்து, அதில் உங்கள் ஸ்பிண்டிலின் வெளிமரையை வெட்டி, அதன் மேல் நம் சக்கைத் திருகி ஏற்றி, பிறகே தண்டையும் காலர் முகத்தையும் கடைய வேண்டும். இப்படிச் செய்தால் மரையும் தண்டும் ஒரே மையத்தில் வரும். திருப்பிப் பிடித்துக் கண்ணளவில் சென்டர் பார்த்துக் கடைந்தால் ஆட்டம் நிச்சயம். இது கொஞ்சம் கூடுதல் வேலை, கூடுதல் கூலி கேட்பார்கள், கொடுக்கலாம். மரை சரியா என்று பார்க்க உங்கள் ஃபேஸ்பிளேட்டையும் எடுத்துப் போங்கள். பட்டறையில் வெட்டும் வெளிமரை அதில் சரியாக ஏறினால், அந்த வெளிமரையில் நம் சக்கும் ஏற வேண்டும்.

நீங்கள் துளை போடும் அதே பிட்டால் துளையிட்ட ஒரு மரத்துண்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள். “இந்தத் துளையில் ஆடாமல் நழுவணும்” என்று சொல்வது எந்த டாலரன்ஸ் எண்ணையும்விடத் தெளிவு.

தட்டையை மில்லிங்கிலோ ஷேப்பரிலோ எடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஹேக்ஸாவால் தோராயமாக அறுத்து, தட்டை அரத்தால் மெதுவாக அளவுக்குக் கொண்டுவரலாம். எம்.எஸ். என்றால் வீட்டிலேயே முடியும். கவனிக்க வேண்டியது ஒன்று: தட்டை, தண்டின் நீளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். நுனியில் ஒரு அளவு, காலர் பக்கம் ஒரு அளவு என்று இருந்தால் கம்பி ஒரு முனையில் மட்டும் கடிக்கும். வெர்னியரை இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

உள்மரை வெட்டும் செலவைத் தவிர்க்க நினைத்தால் வேறு வழி, உங்களிடம் இருக்கும் ஃபேஸ்பிளேட்டில் போல்ட் போட்டு மாட்டும்படி அகலமான காலரோடு சக்கைச் செய்வது. அல்லது மோர்ஸ் டேப்பர் 2 ஆர்பரில் (ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் உட்காரும் கூம்புத் தண்டு) நம் சக்கின் தண்டை ஏற்றுவது. டேப்பர் வழி என்றால் ஹெட்ஸ்டாக்கின் பின்னாலிருந்து டிராபார் (மரையிட்ட நீளக் கம்பி) போட்டு இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும். வெறும் டேப்பர் பிடியை நம்பி ஓட்டினால், கட்டையின் அதிர்வில் அது கழன்று வெளியே வரும்.

கம்பிக்கு: டிரில் பிட் தண்டு, 3 மி.மீ. டவல் பின், பழைய நீடில் பேரிங்கில் இருக்கும் உருளைகள், எல்லாம் சரி. ஆணியும் ஆகும், ஆனால் ஆணிகள் எப்போதும் முழு உருண்டையாக இருப்பதில்லை. தலையை வெட்டிவிட்டு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள், தள்ளாடாமல் உருண்டால் வைத்துக்கொள்ளலாம். நீளம் தண்டைவிட 3 மி.மீ. குறைவாக, இரண்டு முனையும் அரத்தால் மழுக்கி.

மரத்திலேயே செய்துகொள்வது

நாலு தாடைச் சக் இருப்பவர்களுக்கு இதுதான் மிக விரைவான வழி. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். சின்னக் கிண்ணம், மூடி, குமிழ், மிளகு ஆலை போன்ற எடை குறைந்த வேலைகளுக்கு மரப் பின் சக் முழுதாகப் போதும். பெரிய ஈரக் கட்டைக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த, கெட்டியான மரம் வேண்டும். கருவேலம், புளி, வேங்கை, வாகையின் வயிரப் பகுதி எல்லாம் பொருந்தும். இழை ஸ்பிண்டில் வாக்கில் ஓட வேண்டும். 60 மி.மீ. சதுரத்தில் 110 மி.மீ. நீளக் கட்டையை இரண்டு சென்டருக்கு நடுவே உருட்டிக் கடைந்து, ஒரு முனையில் உங்கள் தாடைக்கு ஏற்ற முளை எடுங்கள். சக்கில் மாட்டுங்கள். மாட்டிய உடனே 1-ஆம் எண் தாடை எந்த இடத்தில் நிற்கிறது என்று முளைக்கு மேலே பென்சிலால் குறித்துவிடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் மாட்டினால்தான் மையம் கிட்டத்தட்டத் திரும்பி வரும்.

இனித் தண்டு. 25.5 மி.மீ. வரை தைரியமாகக் கடையலாம். அதற்குப் பிறகு பொறுமை. துளையிட்ட மாதிரித் துண்டை லேத்தை நிறுத்தி நிறுத்தி ஏற்றிப் பார்க்க வேண்டும். நுனி நுழைந்ததும், அந்த இடத்தில் துளை உரசிய பளபளப்பு ஒரு வளையமாகத் தெரியும். அந்த வளையத்தின் அளவுக்கு மீதித் தண்டைக் கொண்டுவாருங்கள். கடைசிக் கொஞ்சத்தை 150-ஆம் எண் உப்புத்தாளால் எடுக்கலாம். துண்டு கையழுத்தத்தில் நழுவ வேண்டும், பக்கவாட்டில் ஆட்டினால் சத்தம் வரக்கூடாது. காலர் முகத்தை நடுவில் மயிரிழை அளவு குழிவாக விடுங்கள். கட்டை காலரின் வெளி விளிம்பில் உட்காரும், ஆட்டம் இருக்காது.

மரத் தண்டில் தட்டை சீவினால், சில உபயோகத்தில் கம்பி மரத்தில் பள்ளம் பதித்துவிடும். அப்புறம் கம்பி உருளாது, பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். இதற்குத் தீர்வு பழைய ஹேக்ஸா பிளேடு. கை ஹேக்ஸா பிளேடின் கனம் சுமார் 0.65 மி.மீ. பல்லை அரைத்து எடுத்துவிட்டு, தண்டின் நீளத்துக்கு உடைத்து, பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, தட்டையின் மேல் அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். பிளேடின் கனத்தைச் சேர்த்துத் தட்டையை ஆழமாக எடுக்க வேண்டும்: ஒட்டுவதற்கு முன் முதுகு அளவு 21.25, ஒட்டிய பின் 21.9. பிளேடின் அகலம் தட்டையின் முழு அகலத்துக்கு வராது, பரவாயில்லை. கம்பி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு, இரண்டரை மி.மீ.தான் நகரும்.

துளை போடுவது

கிண்ணத்தின் உட்புறமாக வரப்போகும் பக்கத்தில்தான் துளை. பின்னால் குடையும்போது துளை தானாகவே காணாமல் போய்விடும். ஆனால் ஆழத்தை மறக்கக் கூடாது. 35 மி.மீ. தண்டுக்கு 38 முதல் 40 மி.மீ. ஆழத் துளை வேண்டும். கிண்ணத்தின் உள் ஆழம் 50 மி.மீ.யாவது இருந்தால்தான் அடியில் துளையின் தடம் எஞ்சாது. ஆழம் குறைந்த தட்டு வகைகளுக்கு 20 மி.மீ. நீளத்தில் ஒரு குட்டைத் தண்டைத் தனியாகச் செய்துகொள்வது நல்லது.

பில்லர் டிரில்லில், கட்டை அசையாதபடி கவ்வி, மெதுவான வேகத்தில் போடுங்கள். துளை செங்குத்தாக இருப்பது அவசியம். கையில் பிடிக்கும் டிரில்லில் 25 மி.மீ. ஃபார்ஸ்ட்னரை ஓட்டினால் கையும் திரும்பும், துளையும் அகலும். அகன்ற துளை என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்.

பட்டை விளிம்புக் கிண்ணத்துக்கு இன்னொரு படி சேரும். பட்டையின் மேல் காலர் உட்காராது. அதனால் முதலில் 55 மி.மீ. போல ஒரு பெரிய ஃபார்ஸ்ட்னரால் பட்டையைத் தாண்டி மரம் தெரியும்வரை ஆழமில்லாத ஒரு இருக்கை எடுங்கள். அதன் நடுவில் பிட்டின் முனை விட்ட குறியிலேயே 25 மி.மீ. துளையைப் போடுங்கள். வரிசை மாறினால் பெரிய பிட்டுக்கு மையம் பிடிக்க மரமே இருக்காது. பெரிய பிட் இல்லாதவர்கள் உளியால் ஒரு சமதளம் வெட்டிக்கொள்ளலாம்.

முருங்கை, கல்யாண முருங்கை, ஏழிலைப்பாலை போன்ற மெத்தென்ற மரங்களில் பின் சக் வேண்டாம். கம்பி சுவருக்குள் புதைந்துகொண்டே போகும், துளை நீள்வட்டமாகும், பிடி தளரும்.

மாட்டி ஓட்டுவது

1. சக்கை ஸ்பிண்டிலில் இறுக்கி, தட்டை மேலே பார்க்கும்படி திருப்பி, ஸ்பிண்டிலைப் பூட்டுங்கள். தட்டையிலும் கம்பியிலும் எண்ணெய், கிரீஸ் இருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உராய்வைக் குறைக்கும், 11 டிகிரியில் பிடித்த கம்பிகூட வழுக்கும்.

2. கம்பியைத் தட்டையின் நடுவில் வையுங்கள். அது உருண்டு விழுந்து தொல்லை கொடுத்தால், பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் நாலு தடவை உரசி எடுங்கள். இரும்புத் தண்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

3. கட்டையைத் திருகாமல் நேராகத் தள்ளி ஏற்றுங்கள். காலரில் முழுதாக உட்கார வேண்டும்.

4. இப்போது கட்டையின் மேற்பகுதியை உங்களை விட்டு விலகும் திசையில் திருப்புங்கள். லேத் ஓடும்போது ஸ்பிண்டிலின் மேற்பகுதி உங்களை நோக்கி வரும், கட்டை அதற்கு எதிராகப் பின்தங்கும். அதே நிலையை இப்போதே கையால் உண்டாக்குகிறோம். சில டிகிரி திரும்பியதும் டக்கென்று நின்றுவிட வேண்டும். நிற்காமல் வழுக்கினால் லேத்தைப் போடாதீர்கள்.

5. டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கி) கொண்டுவந்து, அதில் கட்டையோடு சேர்ந்து சுற்றும் கூர்முனையான லைவ் சென்டரால் அழுத்துங்கள். இதை விருப்பத்துக்கு விட மாட்டேன். கட்டை தண்டின் மேல் வழுக்கிச் சுற்றுவதைப் பின் சக் தடுக்கிறது, கட்டை முன்னோக்கி நழுவி வருவதைத் தடுப்பதில்லை. லேத் சட்டென்று நிற்கும்போது கனமான கட்டை தன் வேகத்தில் முன்னே ஓடும், கம்பி நடுவுக்கு உருளும், அந்த நொடியில் கட்டையைப் பிடித்திருப்பது டெயில்ஸ்டாக் மட்டும்தான். மின்னணு பிரேக் உள்ள லேத்தில், நிற்கும் நேரத்தை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். ரிவர்சில் ஓட்டவே வேண்டாம்.

6. ஸ்பிண்டில் பூட்டை எடுத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, முகக் கவசம் போட்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். 250 மி.மீ. கட்டை என்றால் 300 சுற்று போதும். கட்டை உருண்டையாகி அதிர்வு அடங்கிய பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

வெளிப்புறத்தைக் கடைந்து, அடியில் நாலு தாடைச் சக்குக்கு முளை எடுத்ததும் பின் சக்கின் வேலை முடிந்தது. கழற்ற, ஸ்பிண்டிலைப் பூட்டி, கட்டையின் மேற்பகுதியை உங்களை நோக்கி லேசாகத் திருப்பினால் கம்பி நடுவுக்கு வந்துவிடும், நேராக இழுங்கள். ரொம்ப வேகமாகத் திருப்பினால் சக்கே ஸ்பிண்டிலிலிருந்து கழன்றுவிடும். உளியை நுழைத்து நெம்பவோ சுத்தியலால் தட்டவோ வேண்டாம்.

ஒருமுறை கழற்றிய கட்டையை மறுபடி பின் சக்கில் மாட்டினால் மையம் அதே இடத்தில் வராது. கம்பி கட்டையை ஒரு பக்கம் தள்ளித்தான் பிடிக்கிறது, துளைச் சுவரிலும் கம்பி பதிந்த தடம் இருக்கும். அதனால் முளையை முடிக்காமல் கழற்றாதீர்கள்.

பிடிக்காவிட்டால்

கட்டை முழுச் சுற்று வழுக்கினால் முதலில் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் சரிப்படவில்லை என்றால் 0.1 மி.மீ. பெரிய கம்பி, பிறகு 0.2. கட்டை ஏறவே மறுக்கும் கம்பி வந்ததும் அதற்கு முந்தையதுதான் உங்கள் அளவு. துளை ஏற்கெனவே அகன்றுவிட்ட கட்டையானால், துளையில் தடித்த காகிதம் சுற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். அடுத்த பெரிய அளவில் மறுபடி துளையிட்டு, அதற்கு ஒரு மரச் சக் கடைந்துகொள்வது அரை மணி வேலை.

பிடிக்கிறது, ஆனால் கட்டை தலையாட்டுகிறது என்றால் காலர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். துளை வாயில் எழும்பிய நார், காலர் மூலையில் அடைந்த தூள், துளை ஆழம் போதாமை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஈரக் கட்டையைப் பின் சக்கில் மாட்டியபடி இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். மரம் காயும்போது துளை சுருங்கி, நீள்வட்டமாகி, சக்கைக் கவ்விக்கொள்ளும். டானின் அதிகமுள்ள கருவேலம் போன்ற மரத்தில் இரும்பு பட்ட இடம் கருநீலமாகக் கறைபடும், சக்கும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் சக்கைக் காயத் துடைத்து மெல்ல மெழுகு பூசி வையுங்கள், அடுத்த முறை மாட்டுமுன் அதைத் துடைத்துவிடுங்கள்.

கிண்ணத்தைத் தாண்டி

உள்ளே துளை ஏற்கெனவே இருக்கும் எந்தப் பொருளுக்கும் பின் சக் பொருந்தும். மிளகு ஆலை இதற்கு நல்ல உதாரணம். வழக்கமான திருகு ஆலைப் பொறிக்கு உடல் பகுதியில் 27 மி.மீ. துளை போடுவார்கள். துளையை முதலில் போட்டு முடித்துவிட்டு, 27 மி.மீ. மரப் பின் சக்கில் உடலை ஏற்றி, மறுமுனையில் டெயில்ஸ்டாக் கொடுத்து வெளிப்புறத்தைக் கடைந்தால், துளையும் வெளி வடிவமும் ஒரே மையத்தைச் சுற்றியே வரும். வெளியே கடைந்துவிட்டு அப்புறம் துளை போட்டால், பிட் சற்று விலகினாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும்.

27 மி.மீ. தண்டுக்கும் 3 மி.மீ. கம்பியே போதும். தட்டை 3.1 ஆழம், முதுகு அளவு 23.9, ஹேக்ஸா பிளேடு ஒட்டுவதற்கு முன் 23.25. துளை உடலின் நீளம் முழுக்க ஓடுவதால் தண்டையும் 50 மி.மீ. நீளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கம்பியும் அதற்கேற்ப நீளும். நீளமான கம்பி அழுத்தத்தைப் பரப்பிக் கொடுப்பதால் துளைச் சுவரில் தடமும் மெல்லியதாகவே விழும்.